1,500 ரூபாயில் கத்தி உறை: முதல்ல தோல் வாங்குங்க, கருவி அப்புறம்!



சம்பளம் கிரெடிட் ஆன முதல் வாரத்துல நம்மில் பலருக்கு ஒரு ஆசை வரும். "ஆபீஸ், ரூம், மொபைல்னே போகுது. கையால ஏதாவது செய்யணும்." நல்ல ஆசைதான். ஆனா அந்த ஆசை வந்த அன்னைக்கு ராத்திரியே நாம செய்யற வேலை என்ன? ஆன்லைன்ல போய் ஒரு கிட் ஆர்டர் போடறது. கிட்டார், கேமரா, ஓவியப் பெட்டி, சைக்கிள்... இப்போ அந்த வரிசையில் தோல் வேலையும் சேர்ந்திருக்கு. குறிப்பா கத்திக்கு உறை தைக்கிற வீடியோக்கள். அரை மணி நேரம் பார்த்தா போதும், நமக்கும் கை துறுதுறுன்னு வரும்.

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. கத்தி உறை செய்ய ஆரம்பிக்க 1,500 ரூபாய் போதும். அதுல பெரிய பங்கு தோலுக்குப் போகணும், கருவிக்குப் போகக்கூடாது. ஒரு உறையைக்கூட முடிக்காதவர் கையில் இருக்கிற நூறு பீஸ் கிட், ஒரு நாள்கூட ஓடாம ஷெட்ல நிற்கிற கார் மாதிரி. காசு போயிடும், வேலை நடக்காது.

ஏன் கத்தி உறை?

தோல் வேலை கத்துக்கணும்னா பலர் முதல்ல பர்ஸ் செய்யப் போவாங்க. பர்ஸுக்கு மெல்லிய தோல் வேணும், ஓரங்களைச் சீவி இன்னும் மெல்லிசாக்கணும், ஏழெட்டுத் துண்டுகளைச் சரியா அளந்து அடுக்கணும். பை செய்யலாம்னா பல சதுர அடி தோல் வேணும். தப்பா வெட்டினா ஆயிரக்கணக்குல போயிடும்.

உறை அப்படி இல்ல. ஒரு துண்டு தோல், ஒரு மடிப்பு, ஒரு வரிசைத் தையல். தப்பா போனாலும் உள்ளங்கை அகலத் தோல்தான் நஷ்டம். சரியா வந்ததா இல்லையான்னு கேட்க வேற ஆள் தேவையில்ல. கத்தியைச் செருகிக் கவிழ்த்துப் பாருங்க. விழுந்தா உறை லூசு. விழலைன்னா தேறிட்டீங்க.

பயனும் உண்டு. சமையலறை டிராயர்ல கத்தி சும்மா கிடந்தா கரண்டியோட உரசி முனை மழுங்கும், அவசரத்துல கை விடறவங்க விரலையும் பதம் பார்க்கும். பேச்சிலர் ரூம்ல காய் வெட்டற சின்னக் கத்தி ஒண்ணு நிச்சயம் இருக்கும். அதுக்கே முதல் உறையைத் தைங்க.

ஒரு எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிடறேன். வீட்டுக் கத்திக்கும் தோட்டக் கத்திக்கும் மட்டும் உறை செய்யுங்க. உறை அழகா வந்துடுச்சேன்னு இடுப்புல மாட்டிக்கிட்டு வெளியே சுத்த வேண்டாம். போலீஸ்காரர் நிறுத்திக் கேட்டா, "உறை நானே தைச்சது சார்"ங்கறது பதில் ஆகாது. விமானத்திலும் கைப்பையில் கத்தி வைக்க அனுமதி கிடையாது.

தோல்: இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்

"தோல்னா தோல்தானே"ன்னு நினைக்காதீங்க. பதனிடும் முறையை வச்சு இரண்டு பெரிய வகை இருக்கு. குரோமியம் உப்பு போட்டுப் பதனிடுவது ஒண்ணு. மரப்பட்டை, காய் இவற்றின் சாறில் பதனிடுவது இன்னொண்ணு. இந்த இரண்டாவதைத்தான் கடையில் 'வெஜ் டேன்'னு சொல்வாங்க. உலகத்தில் இன்று பதனிடப்படும் தோலில் பெரும்பகுதி குரோம் வகை. வேகமா முடியும், மெத்துனு இருக்கும், தண்ணீர் பட்டாலும் தாங்கும். ஷூ, ஜாக்கெட், சோஃபாவுக்கு அது சரி.

கத்தி உறைக்கு அது சரிப்படாது. மெத்துனு இருக்கிறதால உருவம் நிக்காது, தொளதொளன்னு தொங்கும். அதிலிருக்கும் உப்புகள் இரும்பைக் கறுக்க வைக்கவும் துருப்பிடிக்க வைக்கவும் வாய்ப்பு உண்டு. வெஜ் டேன் தோலை நனைச்சா களிமண் மாதிரி இளகும். கத்தியோட வடிவத்துக்கு அழுத்திக் காயவிட்டா அப்படியே விறைச்சு நிக்கும். உறைக்கு வேண்டிய குணமே இதுதான்.

இதுல நமக்கு ஒரு சந்தோஷமான விஷயம். மரப்பட்டையில் தோல் பதனிடுவது தமிழ்நாட்டுக்குப் பழகிய தொழில். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு இங்கே பதனிட்ட தோல், 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் கப்பலேறிப் போனது. அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. பின்னாளில் வாட்டில் மரப்பட்டையும் அதோடு சேர்ந்தது. திண்டுக்கல், ஈரோடு, திருச்சி பக்கம் இந்த முறையில் பேர் வாங்கிய இடங்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஏற்றுமதித் தோலுக்கும் ஷூவுக்கும் பேர் போனவை. தோலைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-லிருந்து சென்னை அடையாறில் இயங்குது. ஆக, வெளிநாட்டு வீடியோவில் சொல்லும் பிராண்டை இறக்குமதி செய்து, அதுக்கு ஷிப்பிங்கும் சுங்கமும் கட்ட வேண்டிய கட்டாயம் நமக்கு இல்ல.

சென்னையில் இருக்கிறவங்க பெரியமேடு பக்கம் ஒரு சனிக்கிழமை நடந்து பாருங்க. தோல் வியாபாரத்துக்குப் பேர் போன இடம். தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்பாங்க. முழுத் தோல் வாங்கச் சொன்னா பயப்படாதீங்க. "கட் பீஸ் இருக்கா?"ன்னு கேளுங்க. பெரிய ஆர்டருக்கு வெட்டினது போக மிச்சம் விழுந்த துண்டு உறைக்குத் தாராளம்.

கடையில் கேட்க வேண்டியது மூணு விஷயம்:

ஒண்ணு, வகை. வெஜ் டேன் தானா? வெட்டிய ஓரத்தைப் பாருங்க. உள்ளே வரைக்கும் பழுப்பா இருந்தா பெரும்பாலும் வெஜ் டேன். ஓரத்தின் நடுவில் நீலமோ சாம்பலோ தெரிஞ்சா குரோம். சாயம் ஏத்தாத துண்டில் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைங்க. வெஜ் டேன் அதைச் சட்டுனு குடிச்சு அந்த இடம் கறுக்கும்.

இரண்டு, தடிமன். 2.5 முதல் 3.5 மி.மீ. வரை. சின்னக் காய்க்கத்திக்கு 2.5 போதும். பெரிய கத்திக்கு 3-க்கு மேல. வெளிநாட்டு வீடியோக்களில் 'அவுன்ஸ்'னு சொல்றதும் இந்தத் தடிமனைத்தான். ஒரு அவுன்ஸ் ஏறக்குறைய 0.4 மி.மீ. அவங்க 8 அவுன்ஸ்னு சொன்னா நமக்கு 3.2 மி.மீ.

மூணு, எந்தப் பகுதி. வயிற்றுப் பக்கத் தோல் விலை குறைவா இருக்கும், ஆனா இழுத்தா நீளும். முதுகுப் பக்கம் இறுக்கமா இருக்கும். உறைக்கு முதுகுப் பக்கமே கேளுங்க.

1,500 ரூபாய் கணக்கு

கீழே இருக்கிறது நான் உங்களுக்குப் போடற உச்சவரம்பு. ஊருக்கு ஊர், கடைக்குக் கடை விலை மாறும். ஆனா இந்தத் தொகையைத் தாண்டாதீங்க. ஒரு பொருள் தாண்டினா இன்னொண்ணில் குறைச்சுக்கோங்க.

- வெஜ் டேன் தோல், 1 சதுர அடி: 400
- மெழுகு பூசிய பாலியஸ்டர் நூல், சின்ன உருண்டை: 150
- முனை மழுங்கிய தடித்த ஊசி, 2: 40
- செருப்புக்கு ஒட்டும் சொல்யூஷன், சின்ன டப்பா: 60
- பிளேடு ஒடிக்கும் கட்டர், மாற்று பிளேடுகளோடு: 100
- உப்புத்தாள், மூணு ரகம்: 60
- குத்தூசி அல்லது 1.5 மி.மீ. டிரில் பிட்: 100
- தேன்மெழுகு: 60
- ஸ்டீல் ஸ்கேல்: 60
- பேப்பர் கிளிப், பெரிய சைஸ்: 50

மொத்தம் 1,080. மிச்சம் 420 கையிருப்பு. அது எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்.

இந்தப் பட்டியலில் என்னென்ன இல்லைன்னு பாருங்க. தையல் ஓட்டை போடும் சிசல் செட் இல்ல. ஓரம் சீவும் கருவி இல்ல. சாயப் புட்டிகள் இல்ல. பித்தளைப் பட்டன் இல்ல. பூ வேலைக்கான அச்சு இல்ல. இது எல்லாமே பயனுள்ள பொருட்கள்தான். ஆனா இவை இல்லாம ஒரு உறையை முழுசா முடிக்க முடியும். தோல் இல்லாம முடியாது. அதனாலதான் தலைப்பிலேயே தோலை முன்னாடி வச்சேன்.

ஒரு சதுர அடின்னா 929 சதுர செ.மீ. 10 செ.மீ. நீள அலகு உள்ள காய்க்கத்திக்கு ஏறக்குறைய 14 x 10 செ.மீ. துண்டு, அதாவது 140 சதுர செ.மீ. வேணும். சேதாரம் போக ஐந்து உறை வரும். 400 ரூபாய்த் தோலை ஐந்தால் வகுத்தா ஒரு உறைக்கு 80 ரூபாய். முதல் இரண்டும் கோணலா போனாலும் நஷ்டம் 160 ரூபாய். ஒரு பிரியாணி விலைகூட இல்ல.

எப்படிச் செய்வது? சுருக்கமா

முதல்ல பழைய காலண்டர் அட்டையில் மாதிரி செய்யுங்க. கத்தியைப் படுக்க வச்சு வரைஞ்சு, கத்தியின் முதுகுப் பக்கம் மடிப்பு வருமாறு இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரே துண்டா வெட்டுங்க. வெட்டும் பக்கத்தில் ஒன்றரை செ.மீ. கூடுதலா விடுங்க. அட்டை உறையில் கத்தி சரியா உட்காரும் வரைக்கும் தோலைத் தொடாதீங்க. அட்டை இலவசம், தோல் காசு.

மாதிரி சரியானதும் தோலை வெட்டுங்க. ஒரே வெட்டில் அறுக்க முயற்சி பண்ணாம, ஸ்கேல் வச்சு அதே கோட்டில் மூணு நாலு தடவை இழுங்க. விரல் ஸ்கேலுக்கு இந்தப் பக்கம் இருக்கட்டும். மடிப்பு வரும் இடத்தை ஈரத்துணியால் நனைச்சு, மடிச்சு, கிளிப் போட்டு ஒரு ராத்திரி விடுங்க. கிளிப் தோலில் தடம் பதிக்கும். அதனால இடையில் அட்டைத் துண்டு வைங்க.

இப்போ முக்கியமான பாகம். உறைக்குள் கத்தியின் கூர் எங்கே படும்? தையல் பக்கம். ஒவ்வொரு முறை செருகும்போதும் கூர் முனை நூலை அறுக்கும். அதைத் தடுக்க, தையல் வரும் ஓரத்தில் இரண்டு தோலுக்கு நடுவே ஒரு செ.மீ. அகலத்தில் இன்னொரு தோல் பட்டை வைக்கணும். இதை 'வெல்ட்'னு சொல்வாங்க. கூர் இந்தப் பட்டையில் மோதும், நூலைத் தொடாது. விலை குறைந்த பல உறைகளில் இந்தப் பட்டையே இருக்காது. கடையில் உறை வாங்கப் போனாலும் முதல்ல இதைப் பாருங்க.

பட்டையின் வழவழப்பான பக்கத்தை உப்புத்தாளால் தேய்ச்சு, ஒட்டும் எல்லாப் பரப்பிலும் சொல்யூஷன் தடவி, பத்து நிமிஷம் காயவிட்டு, பிறகு அழுத்துங்க. ஜன்னலைத் திறந்து வச்சுக்கிட்டுச் செய்யுங்க. அந்த வாசனை தலைவலி தரும், பக்கத்தில் நெருப்பும் கூடாது.

ஓரத்திலிருந்து 4 மி.மீ. உள்ளே ஒரு கோடு. அந்தக் கோட்டில் 4 மி.மீ.க்கு ஒரு புள்ளி. சாப்பிடும் ஃபோர்க்கை அழுத்தினாலே சம இடைவெளியில் புள்ளி விழும். மூணு அடுக்கு சேர்ந்து 8, 9 மி.மீ. தடிமன் வரும்கிறதால குத்தூசி சிரமப்படும். அடியில் மரக்கட்டை வச்சு, பக்கத்து வீட்டில் டிரில் மெஷின் இருந்தா கேட்டு வாங்கி 1.5 மி.மீ. பிட்டில் ஓட்டை போடுங்க. நேரா போடறதுதான் இதுல வித்தையே.

தையலுக்கு ஒரே நூல், இரண்டு முனையிலும் இரண்டு ஊசி. ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஊசியும் எதிர் எதிர்ப் பக்கமா நுழையணும். குதிரைச் சேணம் தைக்கிறவங்க முறை இது. மெஷின் தையலில் ஒரு இடத்தில் அறுந்தா வரிசையா பிரிய ஆரம்பிக்கும். இதில் ஒரு பக்க நூல் அறுந்தாலும் இன்னொரு நூல் அதே ஓட்டை வழியா பிடிச்சுக்கிட்டு இருக்கும். தைக்கிற நீளத்தைப் போல பல மடங்கு நூல் எடுங்க.  முடிவில் மூணு ஓட்டை பின்னோக்கித் தைச்சு, நூலை வெட்டி, நுனியை லைட்டரால் லேசா உருக்கிடுங்க.

ஓரங்களைச் சொரசொரப்பான தாளிலிருந்து நைஸ் தாள் வரை வரிசையா தேய்ங்க. மூக்கில் கர்ச்சீப் கட்டிக்கோங்க. கொஞ்சம் தண்ணீர் தொட்டு, முரட்டுத் துணியால் சூடேறும் வரைக்கும் உரசினா ஓரம் கண்ணாடி மாதிரி மின்னும். இதுக்குக் கருவி வேண்டாம், பொறுமை போதும்.

கடைசியா, உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நொடி முக்கி எடுத்து, கத்தியைப் பிளாஸ்டிக் தாளில் நல்லா சுத்திச் செருகி, ஸ்பூனின் பின்பக்கத்தால் வெளியிலிருந்து கத்தியின் வடிவம் பதியும்படி அழுத்துங்க. அப்புறம் கத்தியை மெதுவா எடுத்துட்டு நிழல்ல ஒண்ணு இரண்டு நாள் காயட்டும். அவசரப்பட்டு வெயிலில் வச்சா வெடிக்கும். காஞ்சதும் தேன்மெழுகு தடவித் துணியால் துடைச்சா வேலை முடிஞ்சது.

ஒரு குறிப்பு: ஈரக் கத்தியை உறையில் போடாதீங்க. மாசக்கணக்கில் உறைக்குள்ளேயே விட்டும் வைக்காதீங்க. தோல் காத்திலிருக்கும் ஈரத்தை இழுக்கும், கத்தி துருப்பிடிக்கும்.

அந்த 420 ரூபாய் எதுக்கு?

உங்க தெருமுனையில் செருப்புத் தைக்கும் ஒரு அண்ணனோ தாத்தாவோ இருப்பார். குத்தூசியை எப்படிப் பிடிக்கணும், சொல்யூஷன் எப்போ பதத்துக்கு வந்திருக்கு, நூலை எவ்வளவு இறுக்கணும் என்பதெல்லாம் பத்து வீடியோ பார்த்தும் புரியாதது அவர் கையைப் பத்து நிமிஷம் பார்த்தா புரியும். அவருக்குக் கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் போங்க. "அண்ணே, ஒரு மணி நேரம் சொல்லித் தர்றீங்களா, இவ்வளவு தர்றேன்"னு முதல்லயே சொல்லிக் கேளுங்க. அவர் ஒத்துக்கிட்டா காசு கொடுத்துக் கத்துக்கோங்க. பேரம் பேசாதீங்க.

இதை நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. தோல் தொட்டு வேலை செஞ்சவங்களை ஊருக்கு வெளியே நிறுத்தி வச்ச வரலாறு நம்முடையது. அதே வேலையை இன்னைக்கு நாம் 'லெதர் கிராஃப்ட்'னு பேர் மாத்தி, வார இறுதிப் பொழுதுபோக்கா எடுத்துக்கிறோம். ஆன்லைன் கோர்ஸுக்கு 2,000 ரூபாயைக் கேள்வி கேட்காம கட்டுற நாம், முப்பது வருஷம் இதே வேலை செய்தவர்கிட்ட "சும்மா காட்டுங்கண்ணே"ன்னு கேட்கறது நியாயமில்ல. திறமைக்கு விலை கொடுக்கிற பழக்கம் பணத்தை மதிக்கிற பழக்கத்தில் சேர்ந்தது. நம்ம சம்பள உயர்வுக்கு நாம வாதாடறதும் இதே நியாயத்தை வச்சுத்தானே!

இஎம்ஐ-ல கிட் வாங்கலாமா?

வேண்டாம். "நோ காஸ்ட் இஎம்ஐ தானே, வட்டி இல்லையே"ன்னு நினைக்கலாம். வட்டியே இல்லாத கடன்னு ஒண்ணு கிடையாது. ரிசர்வ் வங்கி 2013-லேயே 'ஜீரோ பர்சன்ட்' திட்டங்களைப் பற்றி இதையேதான் சொன்னது. வட்டியை யாரோ ஒருத்தர் தள்ளுபடி வடிவத்தில் சரிக்கட்டுறாங்க, அவ்வளவுதான். அந்த வட்டித் தொகை மேல 18% ஜிஎஸ்டியும், பல கார்டுகளில் பிராசஸிங் கட்டணமும் உங்க ஸ்டேட்மென்ட்டில் வந்து நிற்கும்.

அதைவிடப் பெரிய பிரச்சினை வேற. ஆறு மாச இஎம்ஐ போட்டா, மூணாவது மாசம் ஆர்வம் போயிருந்தாலும் பணம் போய்க்கிட்டே இருக்கும். ஆசைக்குக் கடன் வாங்கினா, ஆசை முடிஞ்ச பிறகும் கடன் முடியாது. 1,500 ரூபாயைக் கையில் எடுத்துக் கொடுத்தா, அதிகபட்ச நஷ்டம் என்னன்னு முதல் நாளே தெரியும். பங்குச் சந்தையில் ஸ்டாப் லாஸ் போடறீங்க இல்லையா, அது மாதிரி.

இன்னொரு பக்கமும் சொல்லணும். "அந்த 1,500-ஐ எஸ்ஐபி-ல போட்டா இருபது வருஷத்துல எவ்வளவு ஆகும் தெரியுமா?"ன்னு கணக்குக் காட்டுறவங்க உண்டு. எனக்கு அந்தக் கணக்கில் உடன்பாடு இல்ல. எலிசபெத் வாரனும் அவர் மகளும் எழுதி 2005-ல் வந்த புத்தகம் பிரபலமாக்கிய 50-30-20 விதியில் ஆசைச் செலவுக்கு 30% இடம் இருக்கு. கையில் 30,000 வாங்குறவருக்கு அது 9,000 ரூபாய். வீட்டுக்கு அனுப்பறவங்களுக்கு அது இன்னும் சுருங்கும். 20% வேண்டாம், 10% தான் மிஞ்சுதுன்னாலும் 3,000. அதில் ஒரே ஒரு மாசம் பாதியை எடுத்து ஒரு கைத்தொழிலைத் தொட்டுப் பார்க்கிறது ஊதாரித்தனம் ஆகாது. ஆனா எமர்ஜென்சி ஃபண்டிலிருந்தோ, எஸ்ஐபி-யை நிறுத்தியோ அதை எடுக்காதீங்க. ஆசைச் செலவு ஆசைப் பங்கிலிருந்துதான் வரணும்.

இதைச் சைடு இன்கம் ஆக்கலாமா?

மூணாவது உறை நல்லா வந்ததும் நண்பர் யாராவது சொல்வார்: "மச்சி, இதை இன்ஸ்டால போட்டு விக்கலாமே!" வாங்க, கணக்குப் போடுவோம்.

ஒரு உறை 500 ரூபாய்க்கு வித்தீங்கன்னு வச்சுக்குவோம். தோல் 80, நூல் மெழுகு வகையறா 40, பேக்கிங், கூரியர் 80. மிச்சம் 300. ஆரம்பத்தில் ஒரு உறைக்கு ஐந்து மணி நேரம் ஆகும். ஒரு மணிக்கு 60 ரூபாய். கை பழகி இரண்டு மணி நேரத்தில் முடிச்சா மணிக்கு 150. இப்போ உங்க சம்பளத்தைப் பாருங்க. மாசம் 30,000, 22 நாள், ஒன்பது மணி நேரம். மணிக்கு ஏறக்குறைய 150. அதாவது, நல்லா பழகின பிறகுதான் ஆபீஸ் வேலைக்குச் சமமா வருது. "கலர் மாத்தித் தர முடியுமா?", "எப்போ வரும்?"னு வர்ற மெசேஜுக்குப் பதில் போடற நேரத்தை இதில் நான் சேர்க்கவே இல்ல.

அதனால என் கருத்து: முதல் பத்து உறை வரைக்கும் விக்கறதைப் பற்றி யோசிக்காதீங்க. அம்மாவுக்கு ஒண்ணு, ரூம்மேட்டுக்கு ஒண்ணு, ஊர்ல தோட்டம் வச்சிருக்கிற மாமாவுக்கு ஒண்ணுன்னு கொடுங்க. ஆறு மாசம் கழிச்சு அவங்க உறையில் தையல் எப்படி இருக்குன்னு பாருங்க. காசு வாங்கிக்கிட்டு விக்கிற பொருளுக்கு அந்தச் சோதனை அவசியம்.

அதுக்கப்புறமும் விக்க ஆசை இருந்தா, தாராளமா விக்கலாம். ஆனா இரண்டு விஷயம். ஆபீஸ் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் வெளிவேலை பற்றி என்ன எழுதியிருக்குன்னு படிங்க. தொடர்ந்து விற்று வர்ற லாபம் தொழில் வருமானம். சம்பளத்துக்கு மட்டும் போடற ஐடிஆர்-1 அப்போ போதாது. 3 அல்லது 4 போடணும். "சின்னத் தொகைதானே"ன்னு விட்டுடாதீங்க.

அடுத்த கருவி எப்போ?

என் விதி ரொம்ப எளிது. மூணு உறை முடிச்சா ஒரு கருவி. அதுவும் அந்த மூணு உறையில் உங்களை அதிகம் படுத்தியது எதுவோ அதைத் தீர்க்கிற கருவி மட்டும். ஓட்டை கோணலா போச்சா? நாலு பல் சிசல் ஒண்ணு வாங்குங்க. ஓரம் முரடா இருக்கா? ஓரம் சீவும் கருவி. எதுவுமே படுத்தலையா? அப்போ இன்னும் ஒரு சதுர அடி தோல். இப்படி வாங்கினா உங்க டப்பாவில் இருக்கிற ஒவ்வொரு கருவியும் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியும். கிட்டா வாங்கினா பாதிக்குப் பேர்கூடத் தெரியாது.

ஒருவேளை முதல் உறையோடயே ஆர்வம் போயிடுச்சா? போகட்டும். கட்டர், ஸ்கேல், கிளிப், ஊசி எல்லாம் வீட்டுக்கு உதவும். மிச்சத் தோலில் சாவிக்கொத்து செய்யலாம். உங்களுக்குச் சரிப்படாத ஒரு விஷயத்தை 1,500 ரூபாய்க்குள் கண்டுபிடிச்சிருக்கீங்க. அதே பாடத்துக்குப் பல ஆயிரம் கட்டுறவங்க நிறைய பேர்.

ஆர்வம் போகலைன்னா, நீங்க வெட்டி, தைச்சு, உரசி முடிச்ச ஒரு பொருள் தினமும் சமையலறையில் கைக்குப் படும். ஏற்கெனவே ஏதாவது கிட் கார்ட்டில் போட்டு வச்சிருந்தா, இப்போ அதை எடுத்துடுங்க. அடுத்த சனிக்கிழமை ஒரு சதுர அடி தோலோட ஆரம்பிங்க.